பத்தாவது ஆண்

“குவான் அண்ணன் தலையில இருக்கிற குல்லாவைக் கழற்றச் சொல்லுங்க. இல்லன்னா நானே போய்க் கழற்றுவேன்.”

விருந்தாளிகள் கண்ணில் படும் தூரத்தில் இருக்கும்போது முதலாளி பியானிடம் எதையும் கேட்கக் கூடாது. மொழிபெயர்ப்பாளராக வேலையில் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள். நான் கல்லறைத் தோட்டத்தின் நடுவில் நின்று கேட்டேன்.

பியான் சிரித்தார். சிரிப்பு விருந்தாளிகளுக்கு, பேச்சு எனக்கு.

“மெதுவாப் பேசு. அவங்க பிரார்த்தனைக்குப் பத்து யூத ஆம்பளைங்க வேணும். உள்ள ஒன்பது பேர். குவானோட பத்து. உனக்கு என்ன வலிக்குது?”

“குவான் அண்ணன் நம்ம பஸ் டிரைவர்.”

“பச்சைக் கண்ணு இருக்கே, போதாதா?”

சீனாவின் வடக்கே ஹார்பின் நகரத்து யூதத் தெருக்கள், பழைய ஜெபக்கூடம், கடைசியில் கல்லறையில் பிரார்த்தனை. அதுதான் எங்கள் சுற்றுலா. பட்டியலில் பத்து ஆண்களைப் பார்த்ததுமே “பிரார்த்தனை நிச்சயம்” என்று எழுதிக் கொடுத்தவர் பியான். பத்தாமவர் பெயர் ககான். அது புரோகித வம்சத்துப் பெயர், அவர்கள் கல்லறைக்குள் கால் வைக்க மாட்டார்கள் என்று இரண்டு வாரம் முன்பே சொன்னேன். “நிலக்கரிச் சுரங்கத்தான் பொண்ணு எனக்கு மதம் சொல்லித் தர்றா” என்றார். அலுவலகமே சிரித்தது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள் நான். அங்கே நாலு வருஷம் எபிரேயம் படித்தது இவர்கள் சிரிப்பதற்காக இல்லை.

இன்று காலை ககான் மதிலுக்கு வெளியே நின்றுவிட்டார். பியான் கடை தேடிப் போய் ஒரு குல்லா வாங்கிவந்து டிரைவருக்கு மாட்டி, “இந்த ஊரின் கடைசி யூதக் குடும்பத்து வாரிசு” என்று கூசாமல் அறிமுகம் செய்தார்.

நம்பியவர் லிப்கின். வயது எழுபத்தொன்பது. ஏழு வயதில் அப்பாவை இந்த ஊரில் புதைத்துவிட்டுப் போனவர், மகன் சொல்ல வேண்டிய பிரார்த்தனையை அவர் கல்லறையின் முன்னால் சொல்வதற்காக இஸ்ரேலின் ஹைஃபாவிலிருந்து வந்திருக்கிறார். குவான் அண்ணனின் கையைப் பிடித்து முத்தமிட்டார். அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. லிப்கினின் மகள் தாஃப்னா பக்கத்திலேயே நின்றாள். அவளை எண்ணிக்கையில் சேர்க்க மாட்டார்கள். அதுவும் எனக்கு எரிச்சல்தான். ஆனால் அது அவர்கள் வீட்டுச் சண்டை. பொய் எங்களுடையது.

லிப்கின் புத்தகத்தைத் திறந்தார். நான் நேராகப் போய் எபிரேயத்தில் சொன்னேன்: “ஐயா, இவர் யூதர் இல்லை. எங்கள் டிரைவர். நீங்கள் ஒன்பது பேர்தான்.”

குவான் அண்ணன், யாரும் மொழிபெயர்க்காமலே புரிந்துகொண்டு, குல்லாவைக் கழற்றினார்.

லிப்கின் எனக்கு நன்றி சொல்லவில்லை. “அஞ்சு நிமிஷம் கழிச்சுச் சொல்லியிருந்தா உன் வாய் வெந்து போயிருக்குமா?” என்று கத்தினார். “நான் இனி எப்ப வருவேன்? யார் உன்னைக் கேட்டா?”

“யாரும் கேக்கல. அஞ்சு நிமிஷம் கழிச்சுச் சொல்லியிருந்தா நீங்க சொன்ன பிரார்த்தனையே செல்லாமப் போயிருக்குமே.”

“திமிர் புடிச்சவ” என்றார் மகளிடம்.

“யோவ் லிப்கின்! பிள்ளையை ஏன் திட்டற?” மதிலுக்கு வெளியிலிருந்து ககானின் குரல். “சுவருக்கு அந்தப் பக்கம் நின்னாலும் முகம் தெரிஞ்சா எண்ணிக்கையில சேத்தி. மறந்துட்டியா?”

“அது ஜெபக்கூடத்து ஜன்னல் வழியா முகம் காட்டறவனுக்குய்யா!”

“சுவர் சுவர்தான். அந்தப் பொண்ணைக் கேளு, உன்னைவிட நல்லாப் படிச்சிருக்கு.”

என்னைக் கேட்கவில்லை. ஒன்பது பேரும் கூடிக் காரசாரமாக வாதாடினார்கள். சேரும் என்று ஏழு பேர், சேராது என்று ஒருவர். லிப்கின் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஏறுய்யா, மூஞ்சியக் காட்டு” என்றார். குவான் அண்ணன் ஓடிப்போய்ப் பஸ்ஸை மதிலோரம் நிறுத்தினார். ககான் படியில் ஏறி நின்றார். மதிலுக்கு மேலே வெள்ளைத் தாடி தெரிந்தது. லிப்கின் தொடங்கினார். முதல் சொல்லிலேயே குரல் உடைந்தது. மற்றவர்கள் ஆமேன் சொல்லிச் சொல்லி அவரை நடத்திக்கொண்டு போனார்கள்.

பியான் என் காதோரம் வந்தார். “கடைசில நல்லாத்தான் முடிஞ்சுது. நீ ராத்திரி விருந்துல அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுடு. டிரைவர்தான் தன்னை யூதன்னு பொய் சொல்லிட்டான்னு நான் சொல்லிக்கிறேன்.”

“குவான் அண்ணன் தலையில கட்டப் போறீங்களா?”

“பின்ன என் தலையிலயா?”

“ஆமா. நீங்க ‘பிரார்த்தனை நிச்சயம்’னு எழுதிக் குடுத்து ஏமாத்தினதைப் பத்திச் சுற்றுலாத் துறைக்கு மூணு பக்கம் எழுதி அனுப்பிட்டேன். நீங்க காலைல குல்லா வாங்கக் கடை தேடிட்டு இருந்தப்போ.”

அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. நான் வாசலைத் தாண்டி நடந்தேன்.