வக்கீல் கேட்காத கேள்வி

அந்தக் கட்டடத்தில் நம்மவர்கள் எல்லோரும் அவனை வக்கீல் என்றுதான் கூப்பிட்டார்கள். சட்டம் படித்தவனில்லை, டயர் கடையில் சக்கரம் கழற்றி மாட்டுகிறவன். ஆனால் வெளிநாட்டுக்குப் பிழைக்க வந்த கொஞ்ச நாளிலேயே அந்த ஊர்ப் பாஷை அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடாகிவிட்டது. வீட்டுக்காரனோடு தகராறா, பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்க வேண்டுமா, அவனைத்தான் இழுத்துக்கொண்டு போவார்கள். அவனும் கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு, விரலிடுக்கில் கரியோடு கிளம்பிவிடுவான். அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அதனால் அண்ணிக்கு உடம்பு சரியில்லை என்றதும் அண்ணன் யோசிக்கவே இல்லை.

"டேய், உங்க அண்ணியை ஒரு எட்டு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிட்டு வந்துடு. குளிர்கிடங்குல எனக்கு லீவு தரமாட்டாங்க. வந்தாலும் பாஷை தெரியாம அங்க பொம்மை மாதிரிதான் உக்காந்திருக்கணும்."

அண்ணி ஒரு ஹோட்டலின் சலவைக் கூடத்தில் வேலை பார்த்தாள். படுக்கை விரிப்புகளைப் பெரிய இஸ்திரி இயந்திரத்துக்குள் கொடுத்து வாங்க வேண்டும். நாள் முழுக்க நின்றே செய்கிற வேலை. கொஞ்ச காலமாக முகம் வெளுத்துப்போய், மாடி ஏறும்போது பாதிப் படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றுவிடுவாள். கேட்டால், "ஒண்ணுமில்ல தம்பி, அசதிதான்" என்பாள்.

கிளினிக்கில் முன்மேசைப் பெண் தன்மையாகவே கேட்டாள்: "உங்க பாஷை பேசுற ஒருத்தங்களைப் போன்ல கூப்பிடலாம். இலவசம்தான். கூப்பிடட்டுமா?"

வக்கீல் சிரித்தான். "எதுக்குங்க? அதான் நான் இருக்கேனே."

டாக்டர் சின்ன வயசுக்காரர். தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, தலை சுற்றுகிறதா என்று கேட்டார். வக்கீல் கேள்வியை வாங்கி அண்ணியிடம் கொடுத்தான்; பதிலை வாங்கி டாக்டரிடம் கொடுத்தான். எல்லாம் வழுக்கிக்கொண்டு போயிற்று. பிறகு டாக்டர் கணினியிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்: "மாதவிலக்கு ஒழுங்கா வருதா? ரத்தப்போக்கு அதிகமா இருக்கா?"

வக்கீலுக்கு அந்தக் கேள்வியை அண்ணி பக்கம் திருப்ப முடியவில்லை. வார்த்தை தெரியாமல் இல்லை. ஆனால் யாரிடம் கேட்பது? மூன்று பேரும் சேர்ந்திருந்த அந்த இரண்டு அறை வீட்டில் அவள் துணி காய்கிற பக்கம் கூட அவன் திரும்பிப் பார்த்ததில்லை. அவளும் அவன் எதிரே வாய்விட்டுக் கொட்டாவி விட்டதில்லை. இத்தனைக்கும் விஷயம் அவனுக்கு அரைகுறையாகத் தெரியும். குளியலறைக் குப்பைக்கூடையில் காகிதத்தில் சுற்றிய பொட்டலங்கள் நாளுக்கு நாள் நிறைவதைப் பார்த்திருக்கிறான். பார்க்காதவன் போல மூடியைச் சாத்தியிருக்கிறான்.

"என்ன தம்பி கேக்குறாரு?"

"வேற ஏதாவது தொந்தரவு இருக்கான்னு கேக்குறாரு அண்ணி."

அவள் வாயைத் திறந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "வேற... வேற ஒண்ணுமில்லன்னு சொல்லிடுங்க."

அவன் டாக்டர் பக்கம் திரும்பினான். "அதெல்லாம் சரியாத்தான் இருக்காம்."

சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். திரும்பி வரும்போது பஸ் தாமதமாவதைப் பற்றி இருவரும் தேவைக்கு மேல் பேசிக்கொண்டே வந்தார்கள்.

அந்த மாதம் முடிவதற்குள் கடைக்குப் போன் வந்தது. சலவைக் கூடத்தில் அண்ணி மயங்கி விழுந்துவிட்டாள். உடை முழுக்க ரத்தம். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். வக்கீல் பாதி மாட்டிய சக்கரத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினான்.

அண்ணிக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பெண் டாக்டர். "எவ்வளவு நாளா இப்படி?" என்று கேட்டாள்.

"இருங்க, நான் கேட்டுச் சொல்றேன்" என்றான் வக்கீல்.

"நீங்க வேண்டாம்" என்றாள் அவள். கடுமையில்லாமல்தான் சொன்னாள். போனில் யாரையோ அழைத்து, ஸ்பீக்கரைப் போட்டுத் தலையணை ஓரம் வைத்தாள். ஒரு பெண் குரல் கேட்டது: "வணக்கம்மா. டாக்டர் சொல்றதை நான் நம்ம பாஷையில சொல்றேன். நீங்க சொல்றது வெளிய போகாது. கூச்சப்படாம பேசுங்க."

வக்கீலைத் திரைச்சீலைக்கு வெளியே அனுப்பினார்கள். உள்ளே அண்ணியின் குரல் முதலில் முணுமுணுப்பாக வந்தது. அப்புறம் மடை திறந்துகொண்டது.

"அஞ்சு மாசமா நிக்கவே மாட்டேங்குதும்மா. அடிக்கடி பாத்ரூம் போனா சூப்பர்வைசர் முறைக்கிறார். வீட்டுக்காரர்கிட்ட சொன்னா தம்பிகிட்ட சொல்லுங்கிறார். தம்பிகிட்ட இதை எப்படிம்மா சொல்லுவேன்?"

அண்ணி இவ்வளவு பேசி அவன் கேட்டதே இல்லை. நகர்ந்து போய்விட நினைத்தான்; ஆனாலும் அங்கேயே நின்றான்.

பிறகு டாக்டர் அவனை உள்ளே கூப்பிட்டாள். "கிளினிக்ல ரத்தப்போக்கு பத்திக் கேட்டிருக்காங்க. இல்லைன்னு பதில் வந்திருக்கு. ஏன்?"

போன் குரல் அதை அண்ணிக்கும் சொன்னது. வக்கீல் பதில் சொல்வதற்குள் அண்ணி முந்திக்கொண்டாள். "தம்பி கேட்டாரும்மா. நான்தான் வெக்கப்பட்டு இல்லன்னு சொல்லிட்டேன். அவர் மேல தப்பில்ல."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். டாக்டர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். ஊருக்கெல்லாம் பேசுகிற வாய், தன் முறை வந்தபோது பூட்டிக்கொண்டது.

சாயங்காலம் அண்ணன் வேலை உடுப்போடு வந்து நின்றான். பயம் அவனுக்குக் கோபமாகத்தான் வரும். "டாக்டர் கேட்டப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? என்ன பொம்பளை நீ? செத்துக்கித்துப் போயிருந்தா?"

அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அண்ணே, அவங்களைத் திட்டாத" என்றான் வக்கீல். "நான் கேக்கவே இல்ல."

"என்னடா சொல்றே?"

"டாக்டர் கேட்டாரு. நான் அண்ணிகிட்ட அதைக் கேக்கல. நானா இல்லன்னு சொல்லிட்டேன்."

"ஏன்டா?"

"கூச்சமா இருந்துச்சு."

ரத்தப் பை தொங்குகிற கட்டிலுக்குப் பக்கத்தில் அந்த வார்த்தை அற்பமாக இருந்தது. அண்ணன் கையை ஓங்குவான் என்று எதிர்பார்த்தான். ஓங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அண்ணன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"என்கிட்டயும் சொன்னாடா" என்றான், தரையைப் பார்த்து. "நான்தான் உன் தலையில கட்டிட்டேன்."

சுவர்ப் பக்கமிருந்து அண்ணியின் குரல் வந்தது. "ரெண்டு பேரும் வெளிய போய்ப் பேசுங்க. பக்கத்துக் கட்டில்ல ஆள் தூங்குது."

கர்ப்பப்பையில் கட்டி இருந்தது. அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். கெட்ட கட்டியில்லை, முன்னமே வந்திருந்தால் மாத்திரையோடு கூடப் போயிருக்கலாம் என்றாள் டாக்டர். போன் குரல் அதைச் சொல்லும்போது அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தபிறகு அவள் எப்போதும்போலத்தான் இருந்தாள். அவன்தான் அவள் உள்ளறைக்குப் போனபிறகு சாப்பிட உட்கார்ந்தான். ஒருநாள் அவள் எழுந்து வந்து எதிரே நின்றாள்.

"அன்னிக்கு டாக்டர் என்ன கேட்டிருப்பாருன்னு எனக்கு அப்பவே தெரியும் தம்பி. உங்க காது செவந்துச்சே."

"அப்புறம் ஏன் அண்ணி சொல்லல?"

"நீங்க கேக்கல. நான் சொல்லல. அவ்வளவுதான்."

மன்னிச்சிடுங்க என்பது தொண்டை வரை வந்தது. அதைச் சொல்லவும் கூச்சமாக இருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னான், அதுவும் பாத்திரம் கழுவிக்கொண்டு, சமையலறைச் சுவரைப் பார்த்து.

"சரி" என்றாள் அண்ணி, பின்னாலிருந்து. "அந்தக் கரண்டியையும் கழுவிடுங்க."