தாடை யார்கிட்ட இருக்கு?

காலை பதினொரு மணிக்குள் அக்காவிடமிருந்து ஐந்தாவது போன்.

"உள்ள போக மாட்டேங்குதுடி. வேற யாரோ எழுதிட்டு இருக்காங்களாம்."

"யாரோ இல்லக்கா, பின்னால மெழுகண்ணன்தான். அவர் முடிக்கட்டும்."

"அவர் முடிச்சு கைகழுவிட்டு வந்து என் பக்கத்துல நிக்கறார். உன் கம்ப்யூட்டர்தான் நம்ப மாட்டேங்குது."

அக்காவும் அத்தானும் பல் செட் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார்கள். முன்னறையில் அக்கா. பல் மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சுகளை வாங்கி, விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அது கொடுக்கும் எண்ணைப் பெட்டியில் ஒட்டி உள்ளே அனுப்புவாள். பின்னறையில் மெழுகில் பல் அடுக்கும் அண்ணன், எங்களுக்கு மெழுகண்ணன். அவர் அந்த எண்ணைத் தன் திரையில் தட்டி, யாருக்கு, என்ன நிறம், என்ன அளவு என்று பார்த்துச் செய்வார். இந்த மென்பொருளை எழுதிய புண்ணியவதி நான்தான்.

எழுதியபோது அங்கே இருந்தது ஒரே கம்ப்யூட்டர். எல்லா விவரத்தையும் ஒரே ஃபைலில் வைத்தேன். ஒருவர் மட்டும் எழுதும் இடத்தில் அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. பிறகு என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அத்தான் இரண்டாவது கம்ப்யூட்டர் வாங்கி, கேபிள் இழுத்து, அதே ஃபைலை அங்கிருந்தும் திறக்க வைத்துவிட்டார். ஒருவர் எழுதும்போது ஃபைல் மற்றவரை வெளியே நிறுத்தும். சில நேரம் எழுதியவர் எழுந்து போன பிறகும் நிறுத்தும்.

இதற்கு அவர்கள் கண்டுபிடித்த வைத்தியத்தைப் பார்த்து நான் சிரித்துத் தலையில் அடித்துக்கொண்டேன். ஒரு பழைய பிளாஸ்டர் தாடை. அது யார் மேஜையில் இருக்கிறதோ அவர்தான் கம்ப்யூட்டரில் எழுதலாம். "தாடை யார்கிட்ட இருக்கு?" என்று அக்கா கத்துவாள். "என்கிட்ட, ரெண்டு நிமிஷம்!" என்று பின்னாலிருந்து பதில் வரும். ஒருநாள் அந்தத் தாடை தவறிப்போய் ஒரு பெட்டிக்குள் விழுந்து, டெலிவரிக்காரரோடு வண்டி ஏறிவிட்டது. அது திரும்பி வரும்வரை அரைநாள் யாரும் ஓர் எழுத்துகூடத் தட்டவில்லை. கம்ப்யூட்டர் சும்மாதான் இருந்தது. தாடை இல்லையாம்!

அந்தச் சமயத்தில்தான் பெரிய ஆஸ்பத்திரியின் ஆர்டர் வந்தது. அக்கா ஏழு மாதம் நடையாய் நடந்து வாங்கியது. முதல் மாதம் நாற்பது செட், சோதனைக்கு. ஒன்றுகூடத் தப்பாகக் கூடாது, தப்பானால் அதோடு சரி. ஆஸ்பத்திரிப் பெட்டிகள் பின்வாசலில் இறங்கும், அவற்றை மெழுகண்ணனே ஏற்றுவார். இரண்டு பக்கமும் நாள் முழுக்க எழுதியாக வேண்டும். நான் அத்தானைப் பிடித்துக்கொண்டேன்.

"சர்வர் போட்டுடலாம் அத்தான். இப்ப இருக்கறது ஒரு நோட்டு, ஆளாளுக்குப் பிடிச்சு இழுக்கறீங்க. சர்வர்னா அந்த நோட்டோட ஒரு கணக்குப்பிள்ளை உக்காந்திருப்பான். எல்லாரும் அவன்கிட்ட சொல்லணும், அவன் ஒருத்தன்தான் எழுதுவான்."

"ஃபைல்னா பென்டிரைவ்ல போட்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். உன் கணக்குப்பிள்ளையை எந்தப் பாக்கெட்ல போடறது?"

"நகல் எடுத்துத் தரேன். பாக்கெட்ல போட்டுக்குங்க."

"சரி, அவன் படுத்துட்டான்னா?"

நியாயமான கேள்விதான். "அவன் எழுந்திரிக்கற வரைக்கும் எல்லாரும் நிக்கணும்," என்றேன்.

"அப்ப வேண்டவே வேண்டாம். என் பட்டறையில வேலை நிக்கக் கூடாது."

மூன்று நாள் இதே பாட்டு. எனக்குப் பொறுமை போய்விட்டது. அவர் வாயை அடைக்க ஒரு வேலை செய்தேன். முன்னறைக் கம்ப்யூட்டரில் ஒரு நகல் ஃபைல் எப்போதும் இருக்கும். சர்வர் கிடைக்காவிட்டால் மென்பொருள் சத்தம் போடாமல் அந்த நகலில் எழுதிக்கொள்ளும். "இப்ப சரியா? வேலை எப்பவும் நிக்காது," என்றேன். அத்தான் தலையாட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சர்வர் வந்தது. போன் நின்றது. பிளாஸ்டர் தாடை அலமாரிக்கு மேலே ஓய்வுக்குப் போனது. மூன்று வாரம் நிம்மதியாகத் தூங்கினேன்.

நான்காவது திங்கட்கிழமை அக்கா கூப்பிட்டாள். கத்தவில்லை. "கொஞ்சம் வந்துட்டுப் போறியா?" என்றாள். அக்கா கத்தாவிட்டால் விஷயம் பெரிது.

ஆஸ்பத்திரியில் ஒரு பாட்டியம்மாவுக்குப் போன செட், வாய்க்குள்ளேயே நுழையவில்லை. திரும்பி வந்த பெட்டியைத் திறந்தேன். கீழ்வரிசை சின்னது. மேல்வரிசையோ ஒரு மாட்டுக்கே சரியாக இருக்கும். பெட்டியில் 212 என்று ஒட்டியிருந்தது.

"212-ன்னு ரெண்டு பெட்டி இருந்துச்சு தங்கச்சி," என்றார் மெழுகண்ணன். "ஒண்ணுல மேல் அச்சு, ஒண்ணுல கீழ் அச்சு. நம்பரைத் தட்டினா என் திரையில ஒரே பேர்தான் வந்துச்சு, ஒரே ஆளோடதுன்னு நெனச்சு சேர்த்துச் செஞ்சுட்டேன்."

கீழ் அச்சு பாட்டியம்மாவுடையது. மேல் அச்சு, முன்வாசல் வழியாக வந்த ஒரு பஸ் டிரைவருடையது.

அக்காவின் மேஜைக்கு அடியில் குனிந்தேன். சர்வருக்குப் போகும் கேபிள் பாதி கழன்று தொங்கியது. வியாழக்கிழமை பெருக்கும்போது கழன்றிருக்கிறது. அன்றிலிருந்து அக்கா எழுதியதெல்லாம் நகல் ஃபைலில், மெழுகண்ணன் எழுதியதெல்லாம் சர்வரில். கடைசி எண் 211 என்று இரண்டுக்கும் தெரியும். அதனால் இரண்டுமே ஆளுக்கொரு 212 கொடுத்தன, 213 கொடுத்தன, 219 வரை கொடுத்தன. திரையின் அடியில், எறும்பு சைஸ் எழுத்தில், 'நகலில் எழுதப்படுகிறது' என்று நான் வைத்த வரி நான்கு நாளாக நின்றுகொண்டிருந்தது. அதை யார் படிப்பார்கள்? எனக்கே கண்ணாடி வேண்டியிருந்தது.

எனக்கு நானே வைத்துக்கொண்ட ஆப்பு.

நிமிர்ந்தபோது அக்காவின் மேஜையில் ஒரு கடிதம் இருந்தது. நான்கு மணிக்குள் ஆஸ்பத்திரிக்கு எழுத்தில் காரணம் சொல்ல வேண்டுமாம். 'எண்ணை ஏற்றும்போது என் கவனக்குறைவால்' என்று அவள் கையெழுத்தில் தொடங்கியிருந்தது. அக்காவின் கண் சிவந்திருந்தது.

கேபிள்மேல் பழியைப் போட்டிருக்கலாம். ஒரு நொடி அந்த நினைப்பு வந்ததையும் மறைக்க மாட்டேன். ஆனால் ஏழு மாதம் நடந்தவள் என் குற்றத்துக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடுவதைப் பார்க்க முடியவில்லை. கடிதத்தை இழுத்துக் கிழித்தேன்.

"நீ ஒண்ணும் பண்ணலக்கா. நான்தான் பண்ணேன். சர்வர் கிடைக்கலன்னா உன்னை நிறுத்தியிருக்கணும். நிறுத்தாம எழுத விட்டேன்."

"ஏன்டி அப்படி வெச்ச?"

"வேலை நின்னா அத்தான் கத்துவார்னு."

அத்தான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எப்போது கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை.

"நின்னிருந்தா அஞ்சு நிமிஷம் கத்தியிருப்பேன்," என்றார். "அவ்வளவுதானே."

புதுக் கடிதத்தை நான் எழுதி, நானே கையெழுத்துப் போட்டேன். அடுத்த எண்களின் பெட்டிகளைப் பிரித்து, யார் வாய் எது என்று மெழுகண்ணன் அச்சை வைத்தே கண்டுபிடித்தார். ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மீதிப் பதினோரு செட் வேண்டாம், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். அக்கா "சரிங்க" என்று மூன்று முறை சொல்லிவிட்டு வைத்தாள்.

அன்றைக்கே அந்த நகல் ஏற்பாட்டைப் பிடுங்கி எறிந்தேன். இனி சர்வர் இல்லை என்றால் திரை முழுக்கச் சிவப்பாகும், ஓர் எழுத்து ஏறாது. கேபிளை மாட்டி இறுக்கிவிட்டுக் கிளம்பினேன்.

அக்கா ஸ்டூலில் ஏறி அலமாரி மேலிருந்த பிளாஸ்டர் தாடையை எடுத்தாள். புடவைத் தலைப்பால் தூசியைத் துடைத்து மேஜைமேல் வைத்தாள்.

"நீ சிரிச்சியே," என்றாள், என்னைப் பார்க்காமல். "இது இருந்தவரைக்கும் ஒருத்தர் பல்லு இன்னொருத்தர் வாய்க்குப் போனதில்லடி."