பனியில் வைத்த இன்சுலின்

திங்கட்கிழமை காலை மருந்துக்கடைக்குள் கால் வைத்ததுமே செலஸ்டினுக்குப் பகீரென்றது. பிரிட்ஜ் திறந்து கிடந்தது. உள்ளே இருந்த இன்சுலின் பாட்டில்களில் ஒன்றைக்கூடக் காணோம்.

"பதறாதீங்க. சனிக்கெழம மத்தியானமே மரம் சாஞ்சு கரண்டு போயிருச்சு," என்றான் கடை முதலாளி சங்கிலி. மேஜைமேல் பாட்டில்களை அடுக்கியிருந்த தட்டைக் காட்டினான். "ராத்திரி எல்லாத்தையும் பின்னாடி தகரக் கூரை மேல வெச்சு எடுத்தேன். ஊட்டிக் குளிரே ஒரு பிரிட்ஜுதானுங்களே! கரண்டே வேண்டாத பிரிட்ஜு!"

சொல்லிவிட்டுப் பெருமையாகச் சிரித்தான். இந்த மலையில் இந்தக் கிறுக்கு சங்கிலிக்கு மட்டும் உள்ளதல்ல. பாலை ஜன்னலில் வைப்பார்கள், கறியை வெளியே தொங்கவிடுவார்கள், எதுவும் கெடாது. அதற்காக இன்சுலினையும் வைப்பதா? அன்று ராத்திரி விழுந்தது ஜனவரி உறைபனி. புல்லெல்லாம் வெள்ளை, வாளித் தண்ணீர் கட்டி. இன்சுலின் ஒருமுறை உறைந்தால் தீர்ந்தது. மறுபடி உருகினாலும் அது மருந்தில்லை, வெறும் தண்ணீர்.

செலஸ்டின் ஒரு பாட்டிலை உருட்டி வெளிச்சத்தில் பிடித்தார். திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாக மிதந்தது. பதினான்கு வருடமாக அந்தக் கடையின் பார்மசிஸ்ட் அவர். சுவரில் தொங்குவது அவருடைய சர்டிபிகேட். சனிக்கிழமை காலை அக்கா மகன் கல்யாணத்துக்குக் குன்னூர் பக்கம் வெலிங்டன் போனவர், தான் வரும்வரை கடையைத் திறக்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனார். எல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு.

"இதுல ஒண்ணுகூட விக்கக் கூடாதுங்க. அத்தனையும் கொட்டணும்."

"கொட்டறதா? மூடியக்கூடத் தொறக்கல, என்ன பேச்சுப் பேசற?"

"மூடி தொறந்தா என்ன, தொறக்காட்டி என்ன? இத நம்பி ஊசி போட்டா ஆளே போயிரும்!"

சங்கிலி அறைந்தான். செலஸ்டினின் மூக்குக் கண்ணாடி எகிறிப்போய் விழுந்தது. "என் கடையில எத விக்கணும்னு நீ சொல்றயா?" என்று காலரைப் பிடித்து அலமாரியில் மோதினான். சிரப் பாட்டில்கள் மளமளவென்று தலையில் கொட்டின. செலஸ்டின் மட்டும் லேசுப்பட்டவரா? நெற்றியால் ஒரே முட்டு முட்டினார். சங்கிலியின் உதடு கிழிந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் ஆறுக்குட்டி ஓடி வந்தார். தேயிலை பேக்டரியில் வேலை செய்பவர். ஒரே மகள் ஜீவிதாவுக்குப் பதினோரு வயது. ஐந்து வயதிலிருந்து இன்சுலின் ஊசியில்லாமல் அவளுக்கு ஒரு நாள் ஓடாது.

"ஏனுங்க, பாப்பாவுக்கு இன்சுலின் ஒண்ணு குடுங்க, சீக்கிரம்!"

ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே சங்கிலி ஒரு பாட்டிலை நீட்டினான். செலஸ்டின் பாய்ந்து பிடுங்கித் தரையில் அடித்தார். தட்டையே இழுத்துப் போட்டு, மிச்சம் இருந்ததையும் காலால் மிதித்தார். கண்ணாடி நறநறவென்றது.

விளக்கம் சொல்ல அவருக்கு அவகாசமே கிடைக்கவில்லை. மகளின் உயிரையே எவனோ மிதிக்கிறான் என்றுதான் ஆறுக்குட்டிக்குத் தோன்றியது. பெற்ற மனம் நின்று யோசிக்குமா? ஷட்டர் இழுக்கும் கம்பியை எடுத்து வீசினார். தடுத்த இடது மணிக்கட்டில் படக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அடுத்த அடி தோளில். ஐயோ, என்ன வலி! செலஸ்டின் கண்ணாடிச் சில்லுகளின் மேல் குப்புற விழுந்தார்.

"நேத்து வாங்குனதப் போட்டும் சுகர் எறங்கல! ராவெல்லாம் வாந்தி எடுக்கறா எம்புள்ள! இதையும் ஒடைக்கறயாடா, பாவி!"

மூன்றாவது அடிக்குக் கம்பி மேலே போயிருந்தது.

"நேத்தா?" செலஸ்டின் கத்தினார். "நேத்து யார்கிட்ட வாங்குனீங்க?"

"இவருகிட்டத்தான்!"

"அது பனியில ஒறஞ்சதுங்க! வெறுந்தண்ணி! நேத்திருந்து பாப்பா ஒடம்புல மருந்தே போகலைங்க!"

கம்பி அந்தரத்தில் நின்றது. ஆறுக்குட்டி சங்கிலியைப் பார்த்தார். சங்கிலி தலையைக் குனிந்துகொண்டான். அவ்வளவுதான். ஒரே எட்டில் அவனை மேஜைமேல் சாய்த்துத் தொண்டையில் கம்பியை வைத்து அழுத்தினார். சங்கிலியின் விழி பிதுங்கியது, கால்கள் உதறின.

தடுக்க செலஸ்டினுக்கு மனமே இல்லை, அதுதான் உண்மை. இருந்தும் ஊர்ந்துபோய் ஒற்றைக் கையால் ஆறுக்குட்டியின் காலைக் கட்டிக்கொண்டார்.

"உடுங்க! ஜீப்பு இவனோடது. உங்களுக்கு ஓட்டத் தெரியாது, எனக்குக் கை போச்சு. பாப்பாவ யாருங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறது?"

கம்பி கீழே விழுந்தது.

சங்கிலி ஓட்டினான். எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து தூக்கி வந்தபோது ஜீவிதாவுக்கு மூச்சு இரைத்தது. வாயில் அழுகிய பழ வாடை. பெயர் சொல்லிக் கூப்பிட்டும் கண் திறக்கவில்லை. வளைவுகளில் பிரேக் போடும்போதெல்லாம் ஆறுக்குட்டி சங்கிலியின் பிடரியில் குத்தினார். "மிதிடா! மிதி!" நல்ல கையால் சிறுமியின் நாடியைப் பிடித்தபடி செலஸ்டின் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

ஊட்டி டவுன் ஆஸ்பத்திரியில் டிரிப் ஏறி, நல்ல இன்சுலின் ஏறி, சாயங்காலம் ஜீவிதா கண்ணைத் திறந்து, "அப்பா, தண்ணி," என்றாள். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் பிணத்தைத்தான் கொண்டுவந்திருப்பீர்கள் என்று டாக்டர் ஏசினார். அப்புறம், "பொழைச்சுக்குவா, போய் டீ குடிங்க," என்றார்.

ஆறுக்குட்டி டீ குடிக்கப் போகவில்லை. மகளின் நெற்றியைத் தடவிக் கொடுத்தார். சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு வெளியே நடந்தார். ஓடிப்போகவும் தைரியமில்லாமல் சங்கிலி ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தான்.

உள்ளே நர்ஸ் லிஜி செலஸ்டினின் மணிக்கட்டுக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஜீப் கதவு படாரென்றது. ஓர் அலறல். இன்னொன்று.

"அய்யோ, யாரையோ போட்டு அடிக்கறாங்களே! போய்த் தடுக்க வேண்டாமா?" என்று அவள் எழுந்தாள்.

"நீங்க கட்டப் போடுங்க, சிஸ்டர்," என்றார் செலஸ்டின்.