கிணற்றுப் படமும் மூத்த சம்சாரமும்

ஒரு படம்கூடப் பார்க்காமலேயே எல்லாப் படங்களைப் பற்றியும் எனக்கு அபிப்பிராயம் இருந்தது. யானைப் படத்தில் யானையைத் தவிர வேறு யாருக்கும் நடிக்கத் தெரியவில்லை. ஊஞ்சல் படத்தின் கதாநாயகிக்குப் பெருமூச்சு விடத் தெரியும், சிரிக்கத் தெரியாது. ரயில் படம் பாதிவரை நன்றாக ஓடிப் பிறகு படுத்துவிட்டது. யார் கேட்டாலும் இதையெல்லாம் அடித்துச் சொல்வேன். கேட்கத்தான் ஆளில்லை.

படங்களுக்கு இப்படிப் பெயர் வைத்தவள் பக்கத்து வீட்டுக் கண்ணம்மா அக்கா. மலாக்காச் செட்டி இனத்தவள்; எங்கள் செட்டியார்கள் வேறு, அவர்கள் வேறு. பெயர் தமிழ், நெற்றியில் குங்குமம், மாரியம்மன் என்றால் உயிர். ஆனால் வாயைத் திறந்தால் மலாய். மலாக்காவில் நாங்கள் குடியிருக்கும் காஜா பேராங்கில் அவர்கள் இனத்தாருக்குத் தமிழ் விட்டுப்போய் எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. இருந்தும் ஊருக்கு வரும் தமிழ்ப் படம் ஒன்றைக்கூட அவள் விட்டதில்லை. சாரோங்கும் கெபாயாவும் உடுத்திக் கொண்டையில் பூச்சுற்றி, கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரிக் கிளம்புவாள். தலைப்பை வாசிக்கத் தெரியாததால் கண்ணில் பட்ட ஏதாவது ஒன்றைப் படத்துக்குப் பெயராக வைத்துவிடுவாள். வசனம் ஒரு சொல்லும் புரியாது. மறுநாள் என் சமையலறைப் பின்வாசலில் உட்கார்ந்து முழுக் கதையையும் மலாயில் சொல்வாள். அந்தக் கதையைப் படம் எடுத்தவன் கேட்டால் மயங்கி விழுவான்.

நான் மலாய் கற்றுக்கொண்டதே இந்தக் கதைகளில்தான். அதனால் சந்தையில் கீரை விலை கேட்க எனக்குத் தெரியாது. 'ஐயோ, என்னைக் கைவிட்டுவிடாதீர்கள்' என்று மட்டும் மலாயில் மிக நன்றாகச் சொல்வேன்.

எனக்கு அந்தப் படங்களைப் பார்த்தே ஆக வேண்டும் என்றிருந்தது. நடிகர்களின் அழகுக்காக என்று நீங்கள் நினைத்தால் அது பாதிதான் சரி. காரைக்குடியை விட்டு வந்ததிலிருந்து ஒரு பெண்பிள்ளை தமிழ் பேசி என் காதில் விழவே இல்லை. எங்கள் செட்டியார்கள் கொடுக்கல் வாங்கல் நடத்தும் கிட்டங்கியில் எல்லாரும் ஆண்கள். சம்சாரத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள். அக்கம்பக்கத்தில் 'அலமேலு' என்று யாரோ கூப்பிடும் சத்தம் கேட்டு ஆசையாக எட்டிப் பார்த்தால், அந்த அலமேலு என்னிடம் மலாயில் நலம் விசாரிப்பாள். ஒருத்தி வாய்விட்டுத் தமிழில் என்னைத் திட்டியிருந்தால்கூடக் காது குளிரக் கேட்டிருப்பேன். பெண்குரலில் தமிழ் கேட்கிற ஒரே இடம் படக்கொட்டகை. ஏங்கிப் போயிருந்தேன் என்பதுதான் உண்மை.

குறுக்கே நின்றவர் என் வீட்டுக்காரர். கிட்டங்கியில் அவரைச் சோலையப்ப செட்டியார் என்பார்கள். வீட்டில் நான் பெயர் சொல்வதில்லை. மனத்துக்குள் வைத்திருக்கும் பெயர்களை இங்கே எழுத முடியாது. தாயில்லாப் பிள்ளையாக அக்காளிடம் வளர்ந்தவர், ஒழுக்கத்தில் கறார்.

"குடும்பப் பொம்பளைக்குச் சினிமா எதுக்கு? கண்ணும் கெடும், புத்தியும் கெடும்" என்பார்.

மெர்டேக்கா வரப்போகிறது என்று ஊரெல்லாம் கொடி தைத்துக்கொண்டிருந்த சமயம் அது. "நாட்டுக்கே சுதந்திரம் வருதாம். நான் ஒரு படம் பாக்கக் கூடாதா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"அது வேற, இது வேற. சோத்தைப் போடு" என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் ஆனால் கோயில் காரியம் என்று கிளம்பிவிடுவார். திரும்பி வரும்போது கண் இரண்டும் சிவந்திருக்கும். கேட்டால் சாம்பிராணிப் புகை என்பார். எனக்கு வாய்த்தவருக்கு இவ்வளவு பக்தியா என்று நானும் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவர் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் ஒரு காகிதக் கூம்பு. அதன் அடியில் கடலைத் தோலும் உப்பும் ஒட்டியிருந்தன. அப்படிக் கூம்பில் போட்டுக் கச்சாங் பூத்தே என்கிற வறுத்த கடலை விற்கிறவன் நிற்பது படக்கொட்டகை வாசலில். எந்தச் சாமிக்கும் கச்சாங் பூத்தே படைத்து நான் கேள்விப்பட்டதில்லை.

எனக்கு வந்த கோபத்தில் அந்தச் சட்டை அன்று கல்லில் பட்ட பாடு அதற்குத்தான் தெரியும். ஆனால் அவரை நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் யாரோ கொடுத்தார்கள் என்று நழுவிவிடுவார். வியாபாரியைப் பேச்சில் மடக்க முடியாது. அவரிடம் வேறொரு பலவீனம் இருந்தது. யாராவது ஒன்றைத் தப்பாகச் சொன்னால் திருத்தாமல் அவரால் உட்கார முடியாது. பஜனையில் யாரோ ஓர் அடியை விட்டுவிட்டார் என்று தீபாராதனையை நிறுத்தச் சொன்னவர் அவர்.

அந்த வாரம் கண்ணம்மா அக்கா கிணற்றுப் படம் பார்த்துவிட்டு வந்தாள். என் வீட்டுக்காரர் கண்ணும் அந்தச் சனிக்கிழமை வழக்கத்தைவிட அதிகமாகச் சிவந்திருந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவர் சாப்பிட உட்காருகிற நேரமாகப் பார்த்து அக்காவைப் பின்வாசலுக்கு வரச்சொன்னேன். கூடத்தில் இலை போட்டேன். சமையலறைக் கதவை நன்றாகத் திறந்து வைத்தேன். 'அக்கா, ஆரம்பிங்க' என்றேன். அவள் பேசியதெல்லாம் மலாய்தான். நான் தமிழில் சொல்கிறேன்.

"ஒரு பையன், ஆச்சி. சின்ன வயசிலயே அவனுக்கு வயசுல மூத்த பொண்ணைக் கட்டிவச்சுட்டாங்க. அவதான் மாவாட்டி, துணி துவைச்சு அவனைப் படிக்கவைக்கிறா. படிச்சுக் கறுப்புக் கோட்டுப் போட்டானோ இல்லையோ, இளசா இன்னொருத்தியைக் கட்டிக்கிட்டான்!"

கூடத்தில் சாதம் பிசைகிற சத்தம் நின்றது.

"மூத்த பொண்டாட்டிய என்ன செஞ்சான்?" என்று நான் உரக்கக் கேட்டேன்.

"மழையில துரத்திட்டாங்க. அலாமா, என்ன மழை! அவ கிணத்தடியில உட்கார்ந்து அழுவுறா. அப்ப லாந்தரைத் தூக்கிக்கிட்டு ஒரு மீசைக்காரன் வர்றான். திருடன்."

"திருடன்னு எப்படித் தெரியும்?"

"இருட்டுல லாந்தரோட வர்றவன் வேற யாரு? மீசையப் பாத்தாலே தெரியலையா?"

கூடத்தில் புரையேறியது. தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன். அவர் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. 'மெதுவாச் சாப்பிடுங்க' என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.

"கடைசியில?"

"கடைசியில புருஷன் வந்து மூத்தவ கால்ல விழறான். அப்புறம் என்ன, ரெண்டு பொண்டாட்டியையும் வச்சுக்கிட்டுச் சந்தோஷமாக் குடும்பம் நடத்துறான்."

"அக்காடி அது! கூடப் பொறந்த அக்கா!"

சாதக் கையோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அந்நியப் பெண்ணிருக்கும் இடத்துக்குச் சாப்பாட்டில் இருந்து எழுந்து வருகிற மனிதரே அல்ல. தமிழில் கத்தியது கண்ணம்மா அக்காவுக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும், அதையே மலாயில் இன்னொரு தரம் கத்தினார்.

கண்ணம்மா அக்கா அசையவில்லை. "முதலாளி, நான் கொட்டகையில உட்கார்ந்து என் கண்ணால பாத்தேன். நீங்க பாத்தீங்களா?"

"பாத்ததனாலதான் சொல்றேன்! பொண்டாட்டியாம்ல, பொண்டாட்டி! அந்த மீசைக்காரர் யாருன்னு நினைச்சீங்க? தாய்மாமன்! அவளைத் தேடிக்கிட்டு வர்றாரு. லாந்தரைக் கீழ வச்சுட்டு அவர் நிக்கிற நிலையப் பாத்தா கல்லும்..."

தான் சொன்னது அப்போதுதான் அவருக்கே உறைத்தது. விரல் நுனியிலிருந்து ரசம் தரையில் சொட்டியது.

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "இப்பல்லாம் கோயில்ல படம்கூடப் போடுறாங்களா?"

அன்று மாலை விளக்கேற்றுகிற வேளையில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வர்ற சனிக்கிழமை கூட்டிட்டுப் போறேன். இந்த ஒரு தடவைதான். இதோட சரி" என்றார். துணைக்குக் கண்ணம்மா அக்காவும் வரவேண்டும் என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தார்.

சனிக்கிழமை நானும் அக்காவும் ஒரு பேச்சா ரிக்ஷாவில் ஏறிக்கொண்டோம். அவர் தெரியாத மனிதர் மாதிரி இன்னொரு பேச்சாவில் பின்னால் வந்தார். கொட்டகை வாசலில் கச்சாங் பூத்தே விற்கிறவன் அவரைக் கண்டதும் கேட்காமலேயே ஒரு கூம்பை நீட்டினான். நான் அதைப் பார்க்காதவள் மாதிரி இருந்தேன். ஒரு நாளைக்கு ஒரு அடி போதும்.

விளக்கு அணைந்தது. திரையில் ஒரு பெண் கிணற்றடிக்கு வந்து, தம்பியைச் சாப்பிடக் கூப்பிட்டாள். அவ்வளவுதான். 'ராசா, சாப்பிட வாய்யா' என்கிற மாதிரி ஏதோ சாதாரணச் சொல்.  எங்கள் ஆத்தா கூப்பிடுகிற மாதிரியே இருந்தது. அதன் பிறகு அவள் பேசிய ஒவ்வொரு சொல்லையும் பசித்தவள் மாதிரி விழுங்கிக்கொண்டிருந்தேன். படம் எப்படி என்று கேட்டால், சுமார்தான். கண்ணம்மா அக்காவின் கதையில் இருந்த விறுவிறுப்பு இதில் இல்லை. தாய்மாமன் மட்டும் பரவாயில்லை.

மழையில் அந்த அக்காளைத் துரத்துகிற இடம் வந்தது. பக்கத்தில் ஏதோ விசும்பல். திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் துண்டை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதுகொண்டிருந்தார். மூக்கை உறிஞ்சுகிற சத்தத்துக்கு முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆகப் புத்தியும் கெடவில்லை, கண்ணும் கெடவில்லை. இந்தக் கோலத்தை நான் பார்த்துவிடக்கூடாது என்றுதான் இத்தனை நாள் எனக்குப் படம் மறுக்கப்பட்டது. காரைக்குடியில் கப்பலுக்குக் கிளம்பிய அன்று அவருடைய அக்காள் வாசலில் நின்று சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டது எனக்கு ஞாபகம் வந்தது. அன்று இவர் திரும்பியே பார்க்கவில்லை. கல்நெஞ்சு என்று நினைத்திருந்தேன். இப்போது பாவமாக இருந்தது. இருட்டில் அவர் முழங்கையைத் தொட்டேன். தட்டிவிடவில்லை.

மறுபக்கம் கண்ணம்மா அக்கா எட்டி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்தே கதை சொல்கிறவள் அல்லவா. என் காதருகே குனிந்தாள்.

"ஆச்சி, இது படத்துக்கு அழுவுற அழுகை இல்ல. ஊர்ல யாரையோ விட்டுட்டு வந்த அழுகை. உண்மையச் சொல்லு, உன் புருஷனுக்கும் மூத்த சம்சாரம் இருக்கா?"

விளக்கியிருக்கலாம். நாலு வார்த்தை போதும். ஆனால் 'இதோட சரி' என்று அவர் சொன்னதும் அதே நேரம் நினைவுக்கு வந்தது.  பெருமூச்சு விட்டுத் தலை குனிந்துகொண்டேன். ஊஞ்சல் படத்தில் அப்படித்தான் செய்வார்களாம்.

மறுநாள் காலையிலிருந்து காஜா பேராங்குச் செட்டி வீடுகளில் இருந்து எனக்குப் பலகாரமாக வந்து குவிந்தது. கொண்டுவந்த பெண்கள் என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார்கள். என் வீட்டுக்காரருக்குக் கிடைத்தது வேறு மரியாதை. கண்ணம்மா அக்காவின் வீட்டுக்காரர், பிச்சை என்று பெயர், தினமும் அவருக்குச் சலாம் வைக்கிறவர், முகத்தைத் திருப்பிக்கொண்டார். தண்ணீர் தெளிக்கிற சாக்கில் யாரோ ஒரு பெண் அவர் வேட்டியை நனைத்துவிட்டாளாம். நாலு நாள் பொறுத்தவர், அந்தப் பிச்சையையே வழிமறித்துக் கேட்டிருக்கிறார். விஷயம் தெரிந்ததும் என்னிடம் ஓடி வந்தார்.

"தெய்வானை, நான் அங்க ஒருத்தியத் துரத்திட்டு வந்துட்டேன்னு ஊரெல்லாம் பேச்சு! அந்தம்மாட்ட போய்ச் சொல்லு. அது அக்கா, அழுதது அக்காவ நினைச்சுன்னு சொல்லு!"

"சொன்னா நம்பமாட்டாங்க" என்றேன். "படத்துலேயே அக்காளைப் பொண்டாட்டின்னு நினைக்கிறவங்க. பக்கத்துல உட்கார்ந்து ஒவ்வொரு படமா மலாயில விளக்கிச் சொன்னாத்தான் புரியும். எனக்கு அவ்வளவு மலாய் வராது. 'என்னைக் கைவிட்டுவிடாதீர்கள்'தான் தெரியும். அதைச் சொல்லட்டுமா?"

என்னை வெகுநேரம் முறைத்தார். பிறகு அன்றைக்கும் நனைந்திருந்த வேட்டியைப் பார்த்தார்.

இப்போது சனிக்கிழமைதோறும் காஜா பேராங்கிலிருந்து வரிசையாகப் பேச்சாக்கள் கிளம்புகின்றன. கெபாயாக்களுக்கு நடுவே அவர் உட்கார்ந்து, யார் அக்கா, யார் அத்தை, மீசை வைத்தவன் எல்லாம் திருடன் இல்லை என்று மலாயில் தொண்டை வறள விளக்குகிறார். கண்ணம்மா அக்கா மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, அவர் திரும்பியதும் சரியான கதையை மற்றவர்களுக்குச் சொல்கிறாள். பாதிப் படத்தில் அவருடைய விளக்கம் நின்றுபோகும். துண்டு வாய்க்குப் போகும். உடனே வரிசை முழுவதும் கச்சாங் பூத்தே கூம்பு கைமாறி அவர் மடிக்கு வந்து சேரும். அந்த நேரத்தில் நான் திரையைத்தான் பார்ப்பேன். அங்கே வைத்து அவரைக் கேலி செய்வதில்லை. வீட்டுக்கு வந்துதான் செய்வேன், தமிழில்.