குதிகால் பதியாத நடை

என் நாயகன் அன்றைக்குத்தான் முதன்முதலாக நடந்தான். கோரிப்பாளையத்தில் செருப்புக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அந்த அனிமேஷன் அலுவலகம். மதியம் மூன்று மணி இருக்கும். அங்கே வேலை பார்க்கும் ஷைமா கணினித் திரையை என் பக்கம் திருப்பி, "பாருங்கண்ணே, சத்தமும் சேத்தாச்சு" என்றாள். நான் வரைந்த 'கரைக்காவலன்' சித்திரக்கதை நூற்று நாற்பது பக்கம். முகத்தில் துண்டு கட்டிய அந்த வீரன் அதில் பாய்வான், நீந்துவான், வெள்ளத்தில் போகிறவர்களைத் தலைமுடியைப் பிடித்துக் கரையேற்றுவான். நடக்க மட்டும் மாட்டான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. அதைத் திரைப்படமாக்கும்போது நடக்காமல் தீராது என்று நடையை ஷைமாவே உருவாக்கியிருந்தாள்.

நின்ற இடத்திலேயே நடந்தான். பாதையைப் பிறகுதான் வரைவார்களாம். வலது கால் சப்பென்று விழுந்தது. இடது கால் குதிகால் பதியாமல் சர்ரென்று தேய்ந்தது. ஏழெட்டு அடிக்கு ஒருமுறை பிடரியைத் தொட்டுக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

என் அண்ணன் காசிமாயன் அப்படித்தான் நடப்பான். சின்ன வயதில் புளியமரத்திலிருந்து விழுந்து ஒடிந்த கால். ஷைமா அவனைப் பார்த்ததே இல்லை.

"இந்த நடைய யாரு சொல்லிக்குடுத்தா?"

"யாரும் சொல்லலண்ணே. ஜன்னல்ல இருந்து ஜனங்க நடக்குறத வீடியோ எடுப்போம்ல. அதுல ஒருத்தரப் பாத்து வரஞ்சேன். இம்புட்டு அழகா நொண்டுறாரேன்னு."

"எப்ப எடுத்த?"

"போன வெள்ளிக்கிழம."

அண்ணன் போய் நாலு வருஷம். ஆற்றுத் தரைப்பாலத்தில் வெள்ளம் ஏறியபோது வண்டியோடு போனான். அம்மா மூன்று நாள் பச்சைத்தண்ணீர் குடிக்காமல் கரையிலேயே உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் ஒரு உடல் கிடைத்தது. முகம் என்று எதுவும் இல்லை, நீலக் கட்டம்போட்ட சட்டை பாதி இருந்தது. ஊரில் பாதிப்பேரிடம் இருக்கிற சட்டை. கால் பக்கத்துத் துணியை விலக்கிப் பார்த்திருக்கலாம். நான் விலக்கவில்லை. அம்மா எழுந்து வீட்டுக்கு வந்தால் போதும் என்றிருந்தது. "எங்கண்ணன்தான்" என்று கையெழுத்துப் போட்டு, அன்றைக்கே கொள்ளியும் வைத்தேன்.

ஷைமா அந்த வீடியோவை ஓடவிட்டாள். வெயிலுக்குத் துண்டைத் தலையில் போர்த்திய ஒருவன் தர்கா பக்கமிருந்து பாலத்தை நோக்கி நொண்டி நொண்டிப் போனான். பிடரியைத் தொட்டான். சட்டென்று நின்று, திரும்பி, நேராக இந்த ஜன்னலை நிமிர்ந்து பார்த்தான். துண்டுக்குள் வெயில் பட்டு, முகம் இருக்க வேண்டிய இடம் வெறும் வெள்ளையாக இருந்தது. குறுக்கே ஒரு பஸ் வந்தது. பஸ் போனபின் அங்கே யாரும் இல்லை.

"அல்லா! இத நான் பாக்கவே இல்லண்ணே. நடைய மட்டும் வெட்டி எடுத்துக்கிட்டேன்" என்றாள் ஷைமா. அவள் முழங்கை விசைப்பலகையில் பட்டு, கரைக்காவலன் மறுபடி நடக்க ஆரம்பித்தான். சப், சர்ர். சப், சர்ர்.

என் போன் அடித்தது. கொட்டாம்பட்டியிலிருந்து அம்மா.

"பாண்டி, நாளைக்கு அண்ணனுக்குத் தெவசம், நெனப்பிருக்கா? வரும்போது நல்ல எலையாப் பாத்து வாங்கிட்டு வா."

அந்த உடல் அண்ணனுடையது இல்லாவிட்டால் நான் யாரை எரித்தேன்? யாருடைய அம்மா இன்னும் எந்தக் கரையில் உட்கார்ந்திருக்கிறாள்?

"வாரேம்மா" என்றேன்.

பின்னால் சப், சர்ர் ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா மிகவும் மெதுவாகக் கேட்டாள்.

"பாண்டி... அங்க நடக்குறது யாருடா?"

ஷைமா நிறுத்தக் கை நீட்டினாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். திரையில் அவன் எங்களைப் பார்த்தபடி, வந்துகொண்டே இருந்தான்.