கீட்டோன் வாசனை

கவிநிலா பதினாறு வருடங்களாக ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தி வந்தாள். திருவண்ணாமலையில் பள்ளிக்கூடம், வேங்கிக்காலில் வீடு. கணவன் மாறனுக்குக் கலெக்டர் ஆபீசில் வேலை. ஒரே மகள் மணிமொழி பத்தாம் வகுப்பு படித்தாள்.

தீபம் முடிந்து அரையாண்டுத் தேர்வு நெருங்கிய சமயம். மணிமொழி ஓயாமல் தண்ணீர் குடித்தாள். அடிக்கடி பாத்ரூம் போனாள். தீபாவளிக்குத் தைத்த சுடிதார் தோளில் நிற்காமல் சரிந்தது. பரீட்சை பயத்தில் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று கவிநிலா நினைத்தாள்.

புதன்கிழமை காலை தலை பின்னும்போது மகள் ஏதோ சொல்லத் திரும்பினாள். அவள் வாயிலிருந்து குப்பென்று அந்த வாசனை வந்தது.

"நெயில் பாலிஷ் ரிமூவர் வாங்கினியா?"

"இல்லம்மா."

"பொய் சொல்லாத. அசிட்டோன் வாசனை எனக்குத் தெரியாதா? தினமும் லேப்ல நிக்கிறவ நான்."

"நான் எதுவும் போடலம்மா. நகத்தப் பாரு."

"அழிச்சுட்டா அப்படித்தான் இருக்கும். பத்தாவது படிக்கிற பொண்ணுக்கு இதுதான் இப்ப முக்கியமா?"

கவிநிலா மகளின் பள்ளிப் பையைக் கட்டிலில் கவிழ்த்துத் தேடினாள். ஒன்றும் இல்லை. மணிமொழி புத்தகங்களை ஒவ்வொன்றாக அடுக்கி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அன்று டிபன் டப்பாவையும் எடுத்துப் போகவில்லை.

வெள்ளிக்கிழமை வாந்தி எடுத்தாள். வயிறு வலிக்கிறது என்றாள். வெளியில் எதையோ தின்றிருப்பாள் என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கி, குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தார்கள். சனிக்கிழமை விடிந்தபோது, மலையைச் சுற்றி ஓடி வந்தவள் போல அவளுக்கு மூச்சு இரைத்தது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. மாறன் தூக்கிப்போய் ஆட்டோவில் உட்கார்ந்தான்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா சோதித்துவிட்டு வந்தார்.

"சுகர் ஐநூத்தி எண்பது இருக்கு. உடம்புல இன்சுலின் இல்ல. சர்க்கரைய எரிக்க முடியாம கொழுப்ப எரிச்சிருக்கு. ரத்தத்துல அமிலம் ரொம்ப ஜாஸ்தியாயிடுச்சு. மூச்சுல ஏதாச்சும் வாசனை வந்துச்சா, நெயில் பாலிஷ் மாதிரி?"

மாறன் கவிநிலாவைத் திரும்பிப் பார்த்தான்.

"கவனிக்கலைங்க" என்றாள்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. அவளைக் கேட்காமல் வாய் சொல்லிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மூளை வீங்கியிருப்பதாகச் சொன்னார்கள். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு மணிமொழி இறந்துபோனாள்.

ஒரு மாதம் கழித்து கவிநிலா பள்ளிக்குத் திரும்பினாள். தலைமையாசிரியை ரேணுகாம்பாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "உன் கிளாஸ வேற யாராச்சும் பாத்துக்கட்டும்மா. நீ சும்மா வந்து உக்காரு, போதும்."

"இல்ல மேடம், எடுக்கறேன்."

மிச்சமிருந்த பாடம் கார்பனைல் சேர்மங்கள்.

வழக்கம்போல ஆரம்பித்தாள். மூன்று கார்பனை வரிசையாக எழுதினாள். எல்லா முனையிலும் ஹைட்ரஜன் என்றால் புரொப்பேன், அடுப்பெரிக்கும் காஸில் இருப்பது. நடுக் கார்பனில் ஒரு ஹைட்ரஜனுக்குப் பதில் ஓஹெச் தொகுதி வந்தால் ஆல்கஹால், சானிடைசரில் ஊற்றுவது. அதே இடத்தில் ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்போடு உட்கார்ந்தால் கீட்டோன், அதாவது அசிட்டோன்.

"கார்பன் அதே மூணுதான். வினைச்செயல் தொகுதி மாறினா குணம் மொத்தமா மாறிடும். ஆல்கஹால் மூலக்கூறுகள் ஒண்ணையொண்ணு ஹைட்ரஜன் பிணைப்பால பிடிச்சு வெச்சிருக்கும். அசிட்டோனுக்கு அந்தப் பிடி கிடையாது. அதனால சீக்கிரம் ஆவியாயிடும். ஆனா தண்ணியில நல்லா கரையும். ரத்தத்துலயும் கரையும். ரத்தத்துல இருந்து நுரையீரலுக்கு வந்து..."

சாக்பீஸ் நின்றது.

"மூச்சுல வெளிய வரும்" என்று முடித்தாள். பலகையைப் பார்த்தபடியே பேசினாள். "உங்க வீட்ல தம்பியோ தங்கச்சியோ, யாராச்சும் தண்ணி நிறையக் குடிச்சு, இளைச்சு, மூச்சுல நெயில் பாலிஷ் வாசனை வந்தா திட்டாதீங்க. அன்னிக்கே கூட்டிட்டுப் போய் சுகர் பாருங்க. எனக்கு அந்த வாசனை வந்துச்சு. நான் பையத் தேடினேன்."

முன்பெஞ்சில் ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். கவிநிலா மணி அடிக்கும்வரை ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தாள்.

வகுப்பில் சொன்னதை வீட்டில் மறைக்க முடியாது. மாலையில் மாறன் செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்.

"ஆஸ்பத்திரில பொய் சொன்னேங்க. புதன்கிழமையே எனக்கு வாசனை வந்துச்சு. மூணு நாள் இருந்துச்சு நமக்கு."

கத்துவான் என்று காத்திருந்தாள். அவன் சுவரில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"தெரியும் கவி. மணிமொழி அன்னிக்கு சாயந்திரம் எங்கிட்ட சொன்னா. 'அம்மா நம்ப மாட்றாங்கப்பா, நான் எதுவுமே போடல'ன்னா. நான் அவ கிட்டப்போய் மோந்துகூடப் பாக்கல. 'அம்மா கெமிஸ்ட்ரி டீச்சர், அவளுக்குத் தெரியாதா'னு சொல்லிட்டேன்."

தெருவில் கீரைக்காரி கூவிக்கொண்டு போனாள். பிறகு அவன் கேட்டான்.

"அது எப்படி வருது? உள்ள என்னதான் நடக்கும்?"

மின் கட்டண ரசீதின் பின்பக்கத்தில் அவள் எழுதிக் காட்டினாள். கல்லீரல் கொழுப்பை உடைத்து அமிலமாக்கும். நான்கு கார்பன், ஒரு பக்கம் கீட்டோன், கடைசியில் அமிலத் தொகுதி. இரண்டும் அவ்வளவு அருகில் இருந்தால் நிலைக்காது. அமில முனை கார்பன் டை ஆக்சைடாகக் கழன்றுவிடும். மிஞ்சுவது அசிட்டோன். கழலாத அமிலம்தான் ரத்தத்தைக் கெடுக்கும். அதைச் சமாளிக்கத்தான் அவ்வளவு வேகமாக மூச்சு இரைக்கும்.

பேனா போன வழியெல்லாம் மாறன் விரலை வைத்துப் பார்த்தான். அவனுக்குக் கணக்கும் வராது, வேதியியலும் வராது. ஒவ்வொரு கோட்டையும் கேட்டுத் தெரிந்துகொண்டான்.

"அவளுக்கு ரொம்ப வலிச்சிருக்குமா?"

"அது இதுல தெரியாதுங்க" என்றாள் கவிநிலா.

அவன் தலையாட்டினான். அந்த மாதத்தில் முதல் தடவையாக இருவரும் ஒன்றாக அழுதார்கள்.