இறக்காத படகின் அகலம்

பாண்டுரங்கனின் படகுப் பட்டறை தொண்ணூறாம் வருசத்துக்கு முன்னாலேயே அங்கே இருந்தது என்று காட்டினால் அங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் காலி செய்ய வேண்டும். மரக்காணத்துக்குத் தெற்கே கரையோரம் இருந்த அந்தப் பட்டறைக்கு வானூர்ப் பக்கம் மாற்று இடம் உண்டு என்று அரசாங்கக் கடிதம் சொன்னது.

"அங்க கடல் வருமா?" என்றாள் அக்கா கெங்கம்மாள்.

"பஸ் வருதாம்."

பட்டறையின் வரலாற்றை ஒரு பக்கத்தில் எழுதித் தரவும் சொல்லியிருந்தார்கள். எட்டாவது படித்தவள் என்பதால் கெங்கம்மாள் எழுத உட்கார்ந்தாள்.

"எழுவத்தி நாலுல அப்பா பட்டறை போட்டாருன்னு எழுதுக்கா."

"எழுவத்தி நாலுல அப்பா விக்கிரவாண்டியில மாட்டுவண்டி செஞ்சிக்கினு இருந்தாரு. எழுவத்தி எட்டு."

"சரி, எட்டு. அவரு கையால முப்பது படகு கட்டினாருன்னு போடு."

"பின்னாடி நிக்குதே, அதையும் சேத்தா?"

பாண்டுரங்கன் கொஞ்சம் யோசித்தார்.

"இருபத்தொம்போதுன்னு போடு."

பின்னால் தார்ப்பாய் போட்டு மூடி நின்றது முப்பதாவது. எண்பத்தி ஏழில் அப்பா அதைக் கட்டிக்கொண்டிருந்தபோது, கடலுக்குப் போகும் சந்தின் குறுக்கே ஓடிய வாய்க்காலுக்கு மதகு கட்ட வந்தார்கள். கான்ட்ராக்டர் நல்ல மனிதர். பட்டறைக்கே வந்து கேட்டார்.

"பெரியவரே, உங்க போட்டு எவ்ளோ அகலம்? அதுக்குத் தக்கன சுவத்தைத் தள்ளி வைக்கறேன்."

தண்ணீரில் இறக்காத படகின் அளவை வெளியாளிடம் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. அது அந்தப் பட்டறையின் வழக்கம். அப்பா, "போதுமானதா வையுங்க," என்றார். கான்ட்ராக்டர் வைக்கோல் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்றை நிறுத்தி அளந்து, இரண்டு பக்கமும் சுவர் வைத்தார். மதகு முடிந்தது. படகும் முடிந்தது. வண்டி போனது.

இறக்காத படகைப் பிரிக்கவும் கூடாது. ஆகவே அது நின்றது. அதற்குப் பிறகு அந்தப் பட்டறையில் மதகைத் தாண்டும் அகலத்துக்கு மேல் எதுவும் கட்டவில்லை. இந்தக் கடலுக்கு அந்த அகலம்தான் சரி என்று சுற்றுவட்டாரத்தில் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

திண்டிவனத்திலிருந்து விசாரணைக்கு வந்த அதிகாரி சித்தார்த்தன் வரலாற்றைப் படித்தார்.

"ஆதாரம்?"

"பேப்பரெல்லாம் சுனாமியில போச்சுங்க சார்," என்றார் பாண்டுரங்கன்.

"ஏதாவது பொருள்? பழசா?"

"நான் இருக்கறேன்," என்று சொல்லிக்கொண்டே கெங்கம்மாள் போய்த் தார்ப்பாயை இழுத்தாள். "இதுவும் இருக்குது."

"அக்கா, மூடு."

"மூடிக்கினு வானூர் போலாமா?"

சித்தார்த்தன் படகைச் சுற்றி வந்தார்.

"இது எப்ப கட்டினது?"

"மதகுக்கு முன்னாடி ஆரம்பிச்சது. வெளிய போவாது சார்."

"பின்னாடிகூடக் கட்டியிருக்கலாமே?"

"வெளிய போவாதுன்னு தெரிஞ்சிக்கினே யாரு சார் கட்டுவாங்க?" என்றாள் கெங்கம்மாள்.

சித்தார்த்தன் மதகுக்கு நடந்து போனார். கல்லில் 1987 என்று இருந்தது. சுவருக்குச் சுவர் ஒன்பது அடி. திரும்பி வந்து ஃபைலைத் திறந்தார்.

"போட்டு அகலம் சொல்லுங்கய்யா."

பாண்டுரங்கன் கடல் பக்கம் பார்த்தார்.

"டேப்பு வெச்சிப் பாத்துக்குங்க சார். சத்தமா மட்டும் சொல்லிடாதீங்க."

"நான் அளக்கறதுக்குத் தனிக் கட்டம். உரிமையாளர் வாக்குமூலத்துக்குத் தனிக் கட்டம். நீங்க சொல்லணும், ரெண்டும் ஒத்துப்போகணும்."

"வாயைத் தொறடா," என்றாள் கெங்கம்மாள். "வானூர்ல போய் பஸ்ஸுக்கு நங்கூரம் செய்யப் போறியா?"

"அப்பா சாவற வரைக்கும் சொல்லல. இறக்காத போட்டு, அக்கா."

"சுனாமியில கழுத்து வரைக்கும் தண்ணியில நின்னுச்சே, அது இன்னா?"

"அதுவா வந்தா கணக்கில்ல. நாம இறக்கணும்."

கெங்கம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"அம்மா எங்க போறாங்க?" என்றார் சித்தார்த்தன்.

"தெரியல சார். கோவம் வந்தா தண்ணிக்குப் போவா."

இருபது நிமிடத்தில் இடுப்பில் குடமும் கையில் தேங்காய், கற்பூரமுமாக வந்தாள்.

"கடல் தண்ணி. போட்டுதான் போவல, தண்ணி வந்தா ஆவாதா? நீயே ஊத்து. நாமதான் இறக்கணும்னியே."

பாண்டுரங்கன் குடத்தைப் பார்த்தார், படகைப் பார்த்தார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். கற்பூரம் ஏற்றி, தேங்காய் உடைத்து, படகின் அடிக்கட்டை நெடுகத் தண்ணீரை ஊற்றினார். மணல் அதைக் குடித்தது.

"சார், ஒரு கை வெய்யுங்க. இறக்கறப்ப நிக்கறவங்க எல்லாரும் தள்ளணும்."

சித்தார்த்தன் ஃபைலைக் கீழே வைத்துவிட்டுக் கை வைத்தார். மூன்று பேரும் தள்ளினார்கள். படகு அசையவில்லை.

"இறங்கிடுச்சு," என்றார் பாண்டுரங்கன். "பதினொன்னேகால் அடி."

டேப்பும் அதையே சொன்னது.

அடுத்த மாதம் உத்தரவு வந்தது. பட்டறை அங்கேயே இருக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை. கெங்கம்மாள் அதை மட்டும் இரண்டு தடவை படித்தாள்.

"ஆதாரமான படகை அந்த இடத்தை விட்டு நகத்தக் கூடாதாம்."

"பாத்துக்கலாம்," என்றார் பாண்டுரங்கன். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த வரலாறு நகல் வெச்சிருக்கியே, அதை எடுக்கா," என்றார். "இருபத்தொம்போதை அடிச்சிட்டு முப்பதுன்னு போடு."